50 அறைக்கு 52 புக்கிங்: விடுதிக் கணக்கில் உங்கள் இடம் எது?

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து விடுதிகளுக்கு மிகவும் நெருக்கடியானது தேரன்று இரவு என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் அதற்கு முதல் இரவு, 23ஆம் திருவிழாவான சப்பறத்து இரவுதான் நெருக்கடி. தேர் பார்க்க வருகிறவர் விடியமுன் கோவில் வீதியில் நிற்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் அந்த ஒரே இரவுதான் அறை வேண்டும். அந்த இரவு ஒன்பது மணிக்கு, பெட்டிகளோடு வந்து நிற்கும் ஒருவரிடம் றிசெப்ஷன் பெடியன் சொல்கிறான்: “ஐயா, குறை நினைக்காதேங்கோ. எங்கட இடத்திலை இண்டைக்கு றூம் இல்லை. பக்கத்திலை நல்ல ஹோட்டல் ஒண்டிலை உங்களுக்கு எடுத்து வைச்சிருக்கிறம்.” அதே மேசையின் மற்றப் பக்கத்தில் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லப்படுகிறது: “அன்ரி, உங்களுக்கு டீலக்ஸ் றூம் போட்டிருக்கிறம். காசு அதே காசுதான்.”

ஒருவருக்கு அநியாயம் நடந்தது, மற்றவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று பார்க்கத் தோன்றும். இரண்டும் ஒரே தாளில், ஒரே காலையில் எழுதப்பட்ட முடிவுகள். மேல்வகை அறை கிடைப்பதும், வேறு விடுதிக்கு அனுப்பப்படுவதும், இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாக புக்கிங் எடுக்கும் ‘ஓவர் புக்கிங்’ என்ற ஒரே கணக்கின் இரண்டு முனைகள். எந்த முனையில் யார் நிற்பார் என்பதை நீங்கள் புக் பண்ணிய விதம் பெருமளவு தீர்மானிக்கிறது.

ஏன் கூடுதலாக விற்கிறார்கள்?

விற்காத அறை இரவோடு அழிந்துவிடுகிறது. சந்தையில் மிஞ்சிய கத்தரிக்காயை நாளைக்கு விலை குறைத்தாவது விற்கலாம். இன்றிரவு பூட்டிக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. புக் பண்ணியவர்களில் சிலர் வருவதில்லை. சிலர் கடைசி நேரத்தில் நிறுத்துகிறார்கள். மூன்று நாள் என்று வந்தவர் இரண்டாம் நாளே வெளிக்கிடுகிறார். பலாலிக்கு வரவேண்டிய விமானம் காலநிலையால் நின்றால் ஒரே நேரத்தில் நாலைந்து புக்கிங் ஆடிப்போகும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 50 அறை உள்ள விடுதி 52 புக்கிங் எடுக்கிறது.

எத்தனை கூடுதலாக எடுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அறையின் வாடகை 20,000 ரூபா, சலவை, மின்சாரம், காலைச் சாப்பாட்டுச் செலவு 4,000 ரூபா என்று வைப்போம். அறை வெறுமையாகக் கிடந்தால் இழப்பு 16,000. ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பினால் அங்கே அறைக்காசு, வான் செலவு, அடுத்த நாள் கொடுக்கும் சலுகை, போகும் நற்பெயர் எல்லாம் சேர்த்து 48,000 என்று வைப்போம். பழைய பதிவைப் புரட்டினால், நிரம்பிய 100 இரவுகளில் ஒருவரும் தவறாமல் எல்லோரும் வந்தவை 10. ஒரேயொருவர் வராதவை 14. இருவர் வராதவை 24. மூவரும் அதற்கு மேலும் வராதவை 52.

51ஆவது புக்கிங்கை எடுத்தால் 90 இரவில் 16,000 லாபம், 10 இரவில் 48,000 நட்டம். ஓர் இரவுக்குச் சராசரி 14,400க்கு எதிரே 4,800. தாராளமாக எடுக்கலாம். 52ஆவதற்கு இருவராவது வராமல் விட வேண்டும், அது 76 இரவில்தான்: சராசரி லாபம் 12,160, நட்டம் 11,520. மயிரிழையில் தப்புகிறது. 53ஆவதில் லாபம் 8,320, நட்டம் 23,040. அங்கே நிறுத்த வேண்டும்.

இந்த எண்ணிக்கை வருடம் முழுவதும் ஒன்றாக இருக்காது. பல விடுதிகள் சறுக்குவது இங்கேதான். சப்பறத்து இரவில் நகரம் முழுவதும் நிரம்பியிருக்கும். அனுப்ப இடமில்லை, கிளிநொச்சி என்றால் அறுபது கிலோமீற்றருக்கு மேல். அனுப்பும் செலவு 48,000இலிருந்து ஒரு இலட்சத்துக்கு ஏறுகிறது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் விமானச் சீட்டு எடுத்து, முழுக்காசும் கட்டி வருகிறவர்கள் வராமல் விடுவதும் குறைவு. 100 இரவில் 40இல் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று போட்டுப் பாருங்கள்: 51ஆவது புக்கிங்கில்கூட லாபம் 9,600, நட்டம் 40,000. திருவிழாவின் கடைசி மூன்று நாளும், ஆவணி முகூர்த்த நாட்களும் ஓவர் புக்கிங் பூச்சியமாக இருக்க வேண்டிய நாட்கள். கணினியில் மாசி மாதம் போட்ட ‘இரண்டு கூட’ என்ற அமைப்பை ஆவணியில் மாற்ற மறந்துபோவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

காலைத் தாளில் நடப்பது

50 அறை விடுதி ஒன்றின் காலை ஆறு மணித் தாளைப் பார்ப்போம். ஸ்டாண்டர்ட் 30, டீலக்ஸ் 15, சூட் 5. ஸ்டாண்டர்ட் அறை ஒன்றில் ஏசி ஒழுகுவதால் பூட்டியிருக்கிறது. இன்றும் தங்குகிறவர்கள் ஸ்டாண்டர்டில் 15, டீலக்ஸில் 8, சூட்டில் 1. இன்று வரப்போகிறவர்கள் ஸ்டாண்டர்டுக்கு 20, டீலக்ஸுக்கு 5, சூட்டுக்கு 3. கூட்டிக் கழித்தால் ஸ்டாண்டர்டில் 6 குறைகிறது; டீலக்ஸில் 2 மிச்சம்; சூட்டில் 1 மிச்சம். மொத்தத்தில் 3 அறை பற்றாது.

இது தற்செயல் இல்லை. இணையத்தில் வேகமாக விலைபோவது மலிந்த அறை. டீலக்ஸ் வெறுமையாகக் கிடக்கும் என்று தெரிந்தே ஸ்டாண்டர்டைக் கூடுதலாக விற்றிருக்கிறார்கள். இப்போது ஏணிப்படி போல ஏற்றத் தொடங்குவார்கள். டீலக்ஸுக்குக் காசு கட்டிய ஒருவரைச் சூட்டுக்குத் தூக்கினால் டீலக்ஸில் 3 அறை வரும். ஸ்டாண்டர்ட் ஆட்கள் மூவரை அங்கே ஏற்றலாம். நான்கு பேருக்கு அப்கிரேட். அந்த நான்கு பேர் யார்? விடுதியின் அங்கத்துவத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் முதலில், நேரடியாக புக் பண்ணியவர்கள் அடுத்து, அதற்குப் பின் ஒரே ஓர் இரவு மட்டும் தங்குகிறவர்கள். ஐந்து இரவு தங்குகிறவரை டீலக்ஸில் ஏற்றினால் அந்த அறை ஐந்து நாளைக்கு விற்பனையிலிருந்து போய்விடும் என்பதால் அவரைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். நீண்ட நாள் தங்குகிறவர் தனக்குத்தான் முதலிடம் என்று எண்ணிக்கொண்டு வந்து ஏமாறுவது இதனால்தான்.

இன்னும் 3 பற்றாது. பிற்பகல் மூன்று மணிக்கு ஏசி திருத்தியாகிவிட்டால் 2. கடனட்டையோ முற்பணமோ இல்லாத புக்கிங்கை மாலை ஆறு மணிக்கு விடுவிப்பது பல விடுதிகளின் வழக்கம். அப்படி ஒன்று போனால் 1. கடைசி ஒன்றுக்கு யாராவது வராமல் விட வேண்டும். விட்டால் எல்லோருக்கும் அறை. விடாவிட்டால் கடைசியாக வந்து சேருகிறவர்தான், மேலே சொன்ன ஐயாவைப் போல, பெட்டியோடு திரும்ப வேண்டியவர். அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. பஸ் பிந்திவிட்டது, அவ்வளவுதான். கடைசியாக வந்தவரை அனுப்புவது விடுதிக்கு வசதி; நியாயம் இல்லை. பொறுப்பான முகாமையாளர் மத்தியானமே யாரை அனுப்பலாம் என்று முடிவெடுத்து, தனியாக வருகிற, ஓர் இரவு மட்டும் தங்குகிற ஒருவருக்கு வழியிலேயே கோல் எடுத்து, அவர் சம்மதத்தோடு மாற்றிவிடுவார். முதியவர், கைக்குழந்தை, செத்தவீட்டுக்கு வருகிறவர் என்பவர்களை எந்தக் கணக்கிலும் தொடக்கூடாது.

அங்கத்துவ அட்டை எங்கே உதவும்?

பெரிய சங்கிலி விடுதிகளின் அங்கத்துவத் திட்டங்களில் அப்கிரேட் பற்றிய வாக்குறுதிக்குப் பின்னால் எப்போதும் ஒரு வால் உண்டு: ‘அறை இருந்தால்’. மரியட் விடுதிகளின் பொன்வோய் திட்டத்தில் வருடத்தில் 50 இரவு தங்கினால் பிளாட்டினம் என்ற உயர்நிலை. செக்-இன் நேரத்தில் மேல்வகை அறை இருந்தால் தருவார்கள், சில சூட்கள் உட்பட. ஜிஎச்ஏ டிஸ்கவரி என்ற கூட்டுத் திட்டத்தில் இருக்கும் சினமன் விடுதிகளிலும் உயர்நிலை அங்கத்தவருக்கு இதே நிபந்தனைதான். மேல்வகை அறை இருக்கிறதா என்பதை விடுதிதான் தீர்மானிக்கிறது. மாலை ஏழு மணிக்குக் காசு கொடுத்து சூட் எடுக்க ஆள் வரும் என்று எதிர்பார்க்கும் விடுதி, மூன்று மணிக்கு உங்களிடம் ‘இல்லை’ என்றுதான் சொல்லும்.

இதைவிடப் பெறுமதியான, ஆனால் பலர் கவனிக்காத சலுகை ஒன்று இருக்கிறது. ஹில்டன் டயமண்ட், ஹயாத் குளோபலிஸ்ட் போன்ற உயர்நிலைகளில், வருகைக்கு 48 மணித்தியாலம் முன்பு கேட்டால், விடுதி நிரம்பியிருந்தாலும் அறை உறுதி. விலை குறைவாக இராது. சில விசேட நாட்களுக்கும் இது பொருந்தாது. யோசித்துப் பார்த்தால், நிரம்பிய விடுதி இன்னொருவரை ஏற்றுக்கொள்கிறது என்றால் அது ஓவர் புக்கிங்தான். அங்கத்தவருக்கு உறுதி கொடுத்த அந்த அறை, அங்கத்துவம் இல்லாத யாரோ ஒருவரின் அறையாகத்தான் இருக்கும்.

முக்கியமான நிபந்தனை, சங்கிலி விடுதிகளின் சலுகைகள் அவர்களின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ தொலைபேசியிலோ நேரடியாக புக் பண்ணியவர்களுக்குத்தான். வெளி இணையத் தளங்களால் வந்தால் அங்கத்துவப் புள்ளியும் பொதுவாக இல்லை, தங்கிய இரவுகளும் உயர்நிலைக்கான கணக்கில் சேரா. ரொறன்ரோவிலிருந்து வருகிற ஒருவர் இரண்டாயிரம் ரூபா மிச்சம் பிடிக்க வேறு தளத்தில் எடுத்துவிட்டு, கொழும்பில் றிசெப்ஷனில் அட்டையை நீட்டினால் அங்கிருப்பவர் சிரித்துப் பேசுவார். காலைத் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

மரியட், ஹில்டன் பலகைகள் யாழ்ப்பாணத்தில் இல்லை. இங்கே அதிகம் எதிர்ப்படுவது புக்கிங் டொட் கொம்மின் ஜீனியஸ். முதல் நிலையில் 10 வீதக் கழிவு. இரண்டு வருடத்தில் ஐந்து தடவை தங்கினால் இரண்டாம் நிலை, 15 தடவை தங்கினால் மூன்றாம் நிலை. கழிவு 15, 20 வீதம்வரை போகலாம், சில இடங்களில் இலவசக் காலைச் சாப்பாடும் அறை அப்கிரேட்டும் சேரும். இந்தச் சலுகையின் செலவு விடுதியின் தலையில். தளத்துக்குத் தரகுக் காசும் கொடுத்து, கழிவும் கொடுத்த பின் விடுதிக்குக் கிடைக்கும் தொகை நேரடி புக்கிங்கைவிட நன்றாகக் குறைந்துவிடும். நெருக்கடியான இரவில் யாரை விடலாம் என்று பார்க்கும் கண் முதலில் அந்த வரிசையில்தான் விழும். இது எழுதாத வழக்கம். கழிவு எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

சின்ன விடுதிகளில் நடப்பது வேறு

எட்டு, பத்து, பன்னிரண்டு அறை உள்ள இடங்களில் ஓவர் புக்கிங் பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. கொப்பி ஒன்று, வட்ஸ்அப் ஒன்று, இணையத் தளம் இரண்டு மூன்று. லண்டனிலிருக்கும் உறவுக்காரர் வட்ஸ்அப்பில் இரண்டு அறை கேட்கிறார்; முதலாளி “ஓம் அண்ணை” என்று சொல்லிக் கொப்பியில் எழுதுகிறார்; தளத்தில் மூட மறந்துவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு மெல்பேர்னிலிருந்து யாரோ அதே இரண்டு அறையையும் எடுத்துவிடுகிறார்கள். எல்லாத் தளங்களையும் ஒன்றாக இணைக்கும் சனல் மனேஜர் மென்பொருள் போட்டிருந்தால் சில நிமிடத்தில் மற்றத் தளங்களில் அறை மூடும். நாட்காட்டி இணைப்பு மட்டும் போட்டிருந்தால் மணிக்கணக்கு எடுக்கலாம். அந்த இடைவெளியில்தான் இரட்டை விற்பனை நடக்கிறது. மென்பொருளுக்கு வசதியில்லாத இடங்கள் திருவிழா நாட்களில் கடைசி இரண்டு அறைகளை எல்லாத் தளங்களிலும் மூடிவிட்டு, தொலைபேசியில் மட்டும் விற்பது பாதுகாப்பு.

இன்னொரு வில்லங்கம் பெயர். எங்கள் ஆட்களின் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு நாட்டில் முன்னுக்கு, இன்னொரு நாட்டில் பின்னுக்கு. புக்கிங் ஒரு பெயரில், கடவுச்சீட்டு இன்னொரு ஒழுங்கில். றிசெப்ஷனில் குடும்பப் பெயரைத் தட்டித் தேடினால் “அப்படி ஒரு புக்கிங் இல்லை” என்று வரும். அறை இருந்தும் இல்லாமல் போகிற நிலை இது. உறுதிப்படுத்தல் இலக்கத்தைக் கையில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும். அதேபோல, ஒரே பெயரில் ஒரே நாளுக்கு இரண்டு அறை தனித்தனியாக எடுத்தால், தவறுதலாக இரண்டு தரம் புக் ஆகிவிட்டது என்று நினைத்து ஒன்றை ரத்துச் செய்துவிடுவார்கள். இரண்டாவது அறையைத் தங்குகிற ஆளின் பெயரில் எடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே புக்கிங்காக எடுங்கள்.

விடியப்புறம் வருகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து இரவு பஸ் எடுத்தால் யாழ்ப்பாணம் வந்து சேர விடியப்புறம் ஆகும். கட்டுநாயக்காவில் இரவு இறங்கி வானில் வருகிறவர்களும் அந்த நேரம்தான். நாள் மாறிப்போகும் பிழை இங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. 12ஆம் திகதி காலை ஐந்து மணிக்கு வருகிறவர் 12க்கு எடுத்தால், அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். 11க்கு எடுத்தால் அறை ஆயத்தமாக இருக்கும், ஆனால் வேறொரு ஆபத்து: விடுதிகள் நள்ளிரவுக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் இரவுக் கணக்கு முடிப்பார்கள். அந்நேரம்வரை வராதவர் ‘வரவில்லை’ என்று பதியப்பட்டு, அறை வேறொருவருக்கு விற்கப்படலாம். முழுக்காசும் கட்டியிருந்தால்கூட, பல இரவு புக்கிங்கின் மிச்ச நாட்களும் அதோடு சேர்ந்து ரத்தாகும் சந்தர்ப்பம் உண்டு. ஆகவே 11க்கு எடுத்து, ‘12ஆம் திகதி அதிகாலை ஐந்து மணிக்கு வருகிறோம், அறையை வைத்திருங்கள்’ என்று எழுத்தில் அனுப்பி, பதிலும் வாங்க வேண்டும். பஸ் ஏறியதும் ஒரு கோல். விடுதியில் இரவு நிற்பவர் பகல் நின்றவர் இல்லை. பகல் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அப்கிரேட் என்று சொன்னதும் தலையாட்டிவிடவும் கூடாது. இரண்டு தனிக் கட்டில் கேட்ட சகோதரிகளுக்கு ஒரு பெரிய கட்டில் உள்ள டீலக்ஸ் தருவது அப்கிரேட் இல்லை. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி சூட், முழங்கால் நோவுள்ள அம்மாவுக்குத் தண்டனை. கலியாண மண்டபத்துக்கு மேலே உள்ள அறைக்கு நாதஸ்வரமும் மேளமும் சேர்த்துத்தான் வரும். சாவி வாங்கமுன் மூன்றைக் கேளுங்கள்: கட்டில் எப்படி, எத்தனையாம் மாடி, தங்கும் எல்லா இரவுக்கும் இதே அறைதானா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஓர் இரவு மட்டும் தூக்கிவிட்டு அடுத்த நாள் காலை பெட்டி கட்டச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

அனுப்பிவிட்டால்

விமானத்தில் இடம் மறுத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதி 250, 400, 600 யூரோ என்று தூரத்துக்கேற்ப நட்டஈடு சொல்கிறது. பாரிஸிலிருந்து வருகிறவர்கள் அதே பலத்தோடு விடுதியிலும் பேசப் பார்ப்பார்கள். அந்த ஒழுங்குவிதி விமானத்துக்கு மட்டும்தான். விடுதியில் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தமும், புக் பண்ணிய தளத்தின் விதியும்தான் பிடிமானம். சங்கிலி விடுதிகள் சில, உயர்நிலை அங்கத்தவரை அனுப்பினால் மாற்று அறையோடு காசும் புள்ளியும் தருவதாகத் தங்கள் விதியிலேயே எழுதியிருக்கின்றன. வெளித் தளமானால், மாற்றிடம் தேடுவதும் மேலதிகச் செலவும் விடுதியின் பொறுப்பு என்று விடுதியோடு செய்த உடன்பாட்டில் இருக்கும். அதனால் றிசெப்ஷனை விட்டு நகரமுன், அங்கேயே நின்றுகொண்டு தளத்துக்குக் கோல் எடுங்கள். அங்கே நிற்கும்வரை அது விடுதியின் பிரச்சினை. கோபித்துக்கொண்டு வெளியே வந்து சொந்தக் காசில் வேறு அறை எடுத்தால், நீங்களாகவே ரத்துச் செய்ததாகப் பதிவாகிவிடலாம்.

மாற்று விடுதியில் அறை உங்கள் பெயரில் எடுத்தாயிற்றா என்பதை அந்த விடுதியோடு நீங்களே பேசி உறுதிப்படுத்துங்கள். ‘நாங்கள் சொல்லியிருக்கிறம்’ என்பது போதாது. நிரம்பிய இரவில் அங்கேயும் இதே கதை நடக்கும். பில் விடுதிக்கு விடுதி நேரடியாகத் தீர்க்கப்பட வேண்டும். வான் அல்லது ஓட்டோச் செலவு அவர்களுடையது. குடும்பத்தை இரண்டு இடத்துக்குப் பிரித்து அனுப்பச் சம்மதிக்க வேண்டாம். திருவிழாக் காலத்தில் நல்லூரைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்பட்டிருக்கும். வரைபடத்தில் ஒரு கிலோமீற்றர் என்று காட்டும் விடுதிக்குச் சுற்றிப்போக அரை மணித்தியாலம் ஆகலாம். கோவிலுக்கு நடந்து போகிற தூரம் வேண்டும் என்றால் அதை அப்போதே சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. நல்லூர்க் கொடியேறினால் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. சைவ விடுதி என்று பார்த்து எடுத்த குடும்பத்தை, கீழே மச்சச் சாப்பாட்டுக் கடை உள்ள இடத்துக்கு விரதநாளில் அனுப்பிவிட்டு, நட்சத்திரத் தரம் ஒன்றுதானே என்று சொன்னால் அது சமமான மாற்று ஆகாது. விடுதிக்காரர் தங்கள் மாற்றுப் பட்டியலில் எது சைவம் என்று முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். அனுப்பப்படுகிறவரும் தயங்காமல் கேட்க வேண்டும்.

கடைசியாக, ஒரு தாள் வாங்குங்கள். எத்தனை மணிக்கு, என்ன காரணத்தால், எந்த விடுதிக்கு, எத்தனை இரவுக்கு அனுப்பினார்கள், நாளை எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுக்கொள்வார்கள், கட்டிய காசுக்கு என்ன ஏற்பாடு என்பவற்றை விடுதியின் கடிதத்தாளில் எழுதி, முகாமையாளரின் பெயரோடு கையெழுத்து. ‘ஏசி பழுது’, ‘தண்ணி இல்லை’ என்று எழுதித் தரப் பார்த்தால், ‘அறை இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். தளத்திடம் மேலதிகச் செலவைத் திருப்பிக் கேட்கும்போதும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட வேண்டி வந்தாலும், நீங்கள் காட்டப்போவது அந்தத் தாளைத்தான்.